மெத்தைக் கம்பெனியின் காதல் பாலிசி

"இன்னியிலேர்ந்து எங்க கம்பெனியில காதல் கிடையாது!"

வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு இப்படியொரு பிரகடனத்தோடு வீட்டுக்குள் நுழைந்தார் மேனேஜர். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வீட்டில் குரலை உயர்த்துவதாக இருந்தால் காலில் செருப்பு இருப்பது நல்லது என்பது அவருடைய அனுபவம். நிலைமை சரியில்லையென்றால் அப்படியே திரும்பி நடந்துவிடலாம் பாருங்கள்.

ஹாலில் இன்சூரன்ஸ் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனைவி தலையை நிமிர்த்தாமல், "செருப்பு" என்றாள்.

ஒரே சொல்தான். மேனேஜர் வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்து, அதே வசனத்தை மறுபடியும் சொன்னார். வெறுங்காலோடு சொன்னபோது அவ்வளவாக எடுபடவில்லை.

"முதலாளியம்மா காதலுக்கு ஒரு பாலிசி போடச் சொல்லிட்டாங்க."

இப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். பாலிசி என்ற சொல் காதில் விழுந்தால் தூக்கத்திலும் எழுந்து உட்காரும் இன்சூரன்ஸ் ஏஜென்ட் அவள்.

"காதலுக்கா? எத்தனை வருஷத்துக்கு?"

"என்னது எத்தனை வருஷத்துக்கு?"

"பாலிசிதான். காதலுக்கெல்லாம் எவனும் கொடுக்க மாட்டான். ரிஸ்க் ஜாஸ்தி. கல்யாணம் ஆனவங்கன்னா யோசிக்கலாம். அதுல புதுசா நஷ்டமாக ஒண்ணுமில்ல."

"ஐயோ, அந்தப் பாலிசி இல்ல! கம்பெனி பாலிசி. கூட வேலை பாக்கறவங்க ஒருத்தரையொருத்தர் காதலிச்சா என்ன பண்றதுன்னு ஒரு விதிமுறை. அந்த விதியை எழுதப் போறவன் யாரு? நான்!"

"எழுதுங்க, எழுதுங்க. உங்க விதி உங்க கையிலயே இருந்தா நல்லதுதானே" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி காகிதத்தில் குனிந்துகொண்டாள்.

உலகத்தில் மெத்தப் படித்தவர்கள் நிறையப் பேர் உண்டு. நம் மேனேஜர் மெத்தையைப் படித்தவர். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலே உள்ளே இருப்பது பஞ்சா, ஸ்பிரிங்கா, ரப்பரா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் நிர்வாகம் செய்த மெத்தைக் கம்பெனிக்குத்தான் போன மாதம் ஒரு காதலால் மானம் போனது.

ஆர்டர் எழுதும் பெண்ணும், ஃபோம் வெட்டும் பையனும் காதலித்தார்கள். காதலித்த வரைக்கும் ஒரு கெடுதலும் இல்லை. பிறகு ஏதோ மனஸ்தாபம். பேச்சு வார்த்தை நின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு புது ஹோட்டலிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. காகிதத்தில் இருந்த நீளம் ஆறரை அடியா, ஐந்தரை அடியா என்று பையனுக்குச் சரியாகப் புரியவில்லை. போய்க் கேட்டால் தன்மானம் என்னாவது? அவன் கேட்கவில்லை. அவன் தப்பாக வெட்டுவதை அவள் பார்த்தாள். சொன்னால் தன் தன்மானம் என்னாவது? அவள் சொல்லவில்லை. ஹோட்டல் திறப்பு விழாவன்று தங்கிய அத்தனை விருந்தாளிகளின் கால்களும் மெத்தைக்கு வெளியே தொங்கின. அதற்குப் பிறகு இருவரும் வேலையை விட்டுப் போனார்கள். போகிற அன்றும் பேசிக்கொள்ளவில்லை.

"காதலில் ஒரு அடி வாங்கினது அவங்க. மெத்தையில் ஒரு அடி போனது நமக்கு. உடனே ஒரு பாலிசி எழுதிக்கொண்டு வாங்க" என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார்கள்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோதும் மேனேஜர் அடங்கவில்லை. எதிரே அவருடைய தங்கை உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்தைத் தாண்டியவள். அதே கம்பெனியில் மெத்தைகளைச் சோதித்து அனுப்பும் வேலை. தையல் எங்கே பிரிகிறது, விளிம்பு எங்கே கோணுகிறது என்று குத்திக் குத்திப் பார்ப்பதால் கம்பெனியில் அவளுக்குக் குத்தூசி என்று பெயர். அம்மா அப்பா போன பிறகு மேனேஜர்தான் அவளை வளர்த்தார். மாப்பிள்ளையும் பார்த்தார். பார்த்த மாப்பிள்ளைகளை எல்லாம் அவரே வேண்டாம் என்றும் சொன்னார். ஒருவருக்குக் குரல் சரியில்லை, ஒருவருக்கு நடை சரியில்லை, ஒருவருக்கு எல்லாம் சரியாக இருந்ததே சந்தேகமாக இருந்தது. கடைசியில் அவளே, "இனிமே இந்தப் பேச்சே வேண்டாம் அண்ணா" என்று சொல்லிவிட்டாள். அந்த வார்த்தை அவருடைய நெஞ்சில் ஓரமாக ஒரு முள் மாதிரி இருந்துகொண்டே இருந்தது. ஆனால் அதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

"ஆம்பளையும் பொம்பளையும் ஒரு இடத்துல வேலை பாத்தா எப்படி இருக்கணும் தெரியுமா?" என்று கையை ஆட்டினார் அவர். "நம்ம குத்தூசியும் அந்தப் புகார்ப்பெட்டியும் மாதிரி இருக்கணும்!"

தங்கைக்குப் புரை ஏறியது. அண்ணி தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

புகார்ப்பெட்டி என்பது வாடிக்கையாளர் புகார்களைக் கேட்கும் மனிதர். தூக்கம் வராதவர்கள் எல்லாரும் அவருக்குத்தான் போன் செய்வார்கள். புகாரை எழுதிக்கொண்டு, திரும்பி வந்த மெத்தையைத் தள்ளிக்கொண்டு, நேராகக் குத்தூசியிடம் வந்து நிற்பார். அங்கே ஆரம்பிக்கும் சண்டை. "நான் பாஸ் பண்ணின மெத்தையில பள்ளம் இருக்காது." "இருக்குங்க, நீங்களே உட்கார்ந்து பாருங்க." "நீங்க உட்காருங்க." "சரி, ரெண்டு பேருமே உட்கார்ந்து பார்ப்போம்." தினமும் இதே கதைதான்.

"அந்த ஆளைப் பார்த்தாலே இவளுக்குப் பத்திக்கிட்டு வரும்" என்றார் மேனேஜர் பெருமையோடு. "அப்படித்தானேம்மா?"

"ஆமாண்ணா. பத்திக்கிட்டுதான் இருக்கு" என்றாள் தங்கை, தட்டைப் பார்த்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மேனேஜர் எழுத உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு மனைவி முன்னால் வந்து நின்று கணீரென்று படித்தார்.

"கம்பெனி வளாகத்துக்குள் காதல் தடை செய்யப்படுகிறது. ஆணும் பெண்ணும் பேசும்போது நடுவில் ஒற்றை மெத்தையின் அகலம் இடைவெளி இருக்க வேண்டும். சூப்பர்வைசர் என்றால் இரட்டை மெத்தை. சிரிக்கும்போது பல் தெரியலாம், ஈறு தெரியக் கூடாது. மீறினால் சீட்டுக் கிழிக்கப்படும்."

மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். முழுக்கக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"உங்களுக்கு ரொம்ப இளகின மனசுங்க."

மேனேஜருக்கு அதிர்ச்சி. "இதுவா இளகின மனசு?"

"பின்னே? எத்தனை ஓட்டை பாருங்க. நான் தினமும் பாலிசி விக்கறவ. ஓட்டை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? முதல்ல, காதல்னா என்னன்னு நீங்க எழுதவே இல்லையே?"

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

"எங்க, சொல்லுங்க பார்ப்போம்."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "அது வந்து... ஒரு ஆள், இன்னொரு ஆளை, அடிக்கடி..."

"ம்?"

"காரணமே இல்லாம..."

"ம், ம்?"

"சரி விடு. அடுத்த ஓட்டையைச் சொல்லு."

"சீட்டைக் கிழிப்பேன்னா யாராவது வந்து சொல்லுவாங்களா? மறைச்சுத்தான் வைப்பாங்க. சண்டையை மறைச்சதுனாலதானே மெத்தை குறைஞ்சுது? பாலிசி எடுக்கும்போதே உடம்புல என்ன இருக்குன்னு சொல்லிட்டா வம்பில்ல. பணம் கேட்டு வரும்போது தெரிஞ்சாத்தான் தலைவலி. அதனால, காதலிக்கறவங்க தானா வந்து மேனேஜர்கிட்ட சொல்லணும், சொன்னா வேலைக்கு ஆபத்தில்லன்னு போடுங்க."

"நல்லா இருக்கே கதை! எல்லாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டு ஜாலியா காதலிப்பாங்களே!"

"அங்கதாங்க கிடுக்கிப்பிடி." மனைவி குரலைத் தாழ்த்தினாள். "அப்படி வந்து சொன்னா, மேனேஜரே நேர்ல கிளம்பி ரெண்டு பேர் வீட்டுக்கும் போயி, பெரியவங்களை உட்கார வச்சு, விஷயத்தை எடுத்துச் சொல்லி, நல்லபடியா பேசி முடிக்கணும்னு போடுங்க."

மேனேஜர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்பதைவிடப் பெரிய பயம் காதலுக்கு ஏது? அதுவும் மேனேஜரே வந்து பேசி, கல்யாணம் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடுவார் என்றால்? காதலுக்குத் தண்டனை கல்யாணம்! இதைவிடக் கடுமையான சட்டம் உண்டா என்று நினைத்தவர், நினைத்ததை முகத்தில் காட்டாமல் இருக்கப் பாடுபட்டார்.

"என்ன யோசிக்கறீங்கன்னு தெரியுது" என்றாள் மனைவி.

"நான் ஒண்ணும் யோசிக்கலையே!"

"சரி. ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் சரி பாக்கற இடத்துல இருந்தா, ஒருத்தரை வேற பிரிவுக்கு மாத்திடணும். அப்புறம், ஒருத்தர் வேண்டாம்னு சொல்லிட்டா அதோட முடிஞ்சுது. மறுபடி போய் வழிஞ்சுக்கிட்டு நின்னா, அப்ப கிழிங்க சீட்டை."

"அடடா, இதெல்லாம் நியாயமாவே இருக்கே. நானே யோசிச்ச மாதிரி சொல்லிக்கலாமா?"

"நீங்கதானே யோசிச்சீங்க? நான் சும்மா கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். கடைசியா ஒரே ஒரு வரி. மேனேஜரோட சொந்தக்காரங்களுக்கும் இது பொருந்தும்னு சேர்த்துடுங்க. நாளைக்கு யாரும் உங்களைப் பார்த்துக் கை நீட்டிடக் கூடாதுல்ல?"

"எனக்கு அங்க இருக்கற ஒரே சொந்தம் தங்கச்சிதான்."

"அதனாலதான் சொல்றேன். அவதான் யாரையும் ஏறெடுத்தும் பாக்க மாட்டாளே. சும்மா ஒரு பேருக்கு."

மேனேஜருக்கு வீரம் தலைக்கேறியது. அந்த வரியோடு தானே சொந்தமாக இன்னொரு வரியையும் சேர்த்தார்: "அத்தகைய சமயத்தில் மேனேஜர் தன் சொந்த விருப்பு வெறுப்புகளை வீட்டில் வைத்துவிட்டு வந்து, மேனேஜராக மட்டுமே நடந்துகொள்ள வேண்டும்."

மனைவி அதைப் படித்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து இதுவரை அவரைப் பார்க்காத ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"பிரமாதங்க. இது எனக்கே தோணல."

முதலாளியம்மாவுக்கும் பாலிசி மிகவும் பிடித்துவிட்டது. "கண்டிப்பும் இருக்கு, மனுஷத்தன்மையும் இருக்கு. உங்களுக்கு இவ்வளவு தெரியும்னு எனக்குத் தெரியாம போச்சே" என்றார்கள். மேனேஜர் தையல் கூடத்தின் நடுவில் ஒரு மெத்தைக் கட்டின் மேல் ஏறி நின்று எல்லாருக்கும் படித்துக் காட்டினார். மெத்தை நல்ல மெத்தை என்பதால் ஒவ்வொரு விதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே போனார். கடைசி விதியைப் படிக்கும்போது பின்னால் நின்றவர்களுக்கு அவருடைய தலை மட்டும்தான் தெரிந்தது.

அவருடைய சந்தேகம் எல்லாம் ஒரு ஜோடி மேல்தான். பேக்கிங் பெண்ணும் தையல் மெஷின் பையனும். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறார்கள். ஒருவர் தலையில் ஒருவர் குட்டுகிறார்கள். இருவரையும் அறைக்கு அழைத்தார்.

"நீங்களா வந்து சொன்னா வேலைக்கு ஆபத்தில்ல. சொல்லுங்க."

"எதைச் சார் சொல்றது?" என்றாள் பெண்.

"உங்க ரெண்டு பேருக்கும் என்ன உறவு?"

"தம்பி சார்."

"இப்படி எல்லாரும் தம்பின்னு சொல்லித்தான்..."

"கூடப் பிறந்த தம்பி சார். நீங்கதானே சார் இவனை வேலைக்கு எடுத்தீங்க?"

அவர்கள் போன பிறகு மேனேஜர் மின்விசிறியை வேகமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இனி எவரும் வரப்போவதில்லை, பாலிசியின் பயத்தில் காதல் கம்பெனியை விட்டே ஓடிவிட்டது என்று அவர் முடிவு கட்டிய நேரத்தில் கதவு தட்டப்பட்டது. புகார்ப்பெட்டி தலையை நீட்டினார்.

"சார், ஒரு புகார்."

"எந்த மெத்தை?"

"மெத்தை இல்ல சார். என் மேலதான். உங்க விதிப்படி நானே வந்து சொல்லிடலாம்னு..."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வலையில் முதல் மீன்!

"உட்காருங்க, உட்காருங்க. நீங்களா? பாத்தா பூனை மாதிரி இருந்தீங்களே! சரி, யாரு அந்தப் பொண்ணு? பயப்படாம சொல்லுங்க. விதின்னா விதி. நானே அவங்க வீட்டுக்குப் போய்ப் பேசறேன்."

"வீட்ல ஒரு அண்ணன் இருக்கார் சார்."

"எப்பேர்ப்பட்ட அண்ணனா இருந்தா எனக்கென்ன? முரடனா?"

"சேச்சே. நல்ல மனுஷன் சார். எதுவுமே கொஞ்சம் லேட்டாத்தான் புரியும்."

"அப்படிப்பட்ட ஆளுங்களை எனக்கு நல்லாத் தெரியும். புரிய வச்சுடறேன். பொண்ணு எங்க?"

"வெளியில நிக்கறாங்க."

"வரச் சொல்லுங்க."

கதவைத் திறந்துகொண்டு தங்கை வந்தாள். மேனேஜர் அவளைப் பார்த்து, "கொஞ்சம் இரும்மா, இங்க ஒரு முக்கியமான விசாரணை நடக்குது. ஒரு பொண்ணு உள்ள வரணும்" என்றார்.

அவள் போகவில்லை. அங்கேயே நின்றாள். புகார்ப்பெட்டி எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றார். நடுவில் ஒற்றை மெத்தையின் அகலம் இல்லை, ஒரு தலையணையின் அகலம்கூட இல்லை. மேனேஜர் இவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி இவரைப் பார்த்தார். மின்விசிறி வேகமாகச் சுற்றியும் அவருக்கு வியர்த்தது.

"தினமும் சண்டை போட்டீங்களே!" என்பதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

"முதல்ல சண்டைதான்ணா போட்டோம்" என்றாள் தங்கை. "அப்புறம் சண்டை தீர்ந்து போச்சு. ஆனா பேச வேண்டியது தீரல."

அன்று சாயங்காலம் வீடே அதிரும்படி குதிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். மறக்காமல் செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டார்.

"உனக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியும்!"

"எனக்கு என்னங்க தெரியும்? விதியை எழுதினது நீங்க."

"இது நடக்காது. அந்த ஆளுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி முறிஞ்சு போச்சு. என் தங்கச்சிக்கு அப்படி ஒரு இடமா?"

"இதை யாரு சொல்றது? மேனேஜரா, அண்ணனா?"

"அண்ணன்!"

"அண்ணன் பேச வேண்டிய நேரம் வரும். அதுக்கு முன்னாடி மேனேஜர் ரெண்டு வீட்டுக்கும் போகணும். இல்லன்னா பாலிசி எழுதினவரே பாலிசியை மீறிட்டார்னு முதலாளியம்மா காதுக்குப் போகும். அப்புறம் உங்க இஷ்டம்."

மறுநாளே மேனேஜர் புகார்ப்பெட்டியின் வீட்டுக்குப் போனார். ரிட்டயரான நர்ஸ் அம்மா ஒருவர் கதவைத் திறந்தார். மகன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான் போலிருக்கிறது. முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க, வாங்க. பொண்ணு வீட்லேர்ந்து வர்றீங்களா, கம்பெனியிலேர்ந்து வர்றீங்களா?"

"கம்பெனியிலேர்ந்து."

"அப்போ பொண்ணு வீட்டு சார்பா யாரு பேசுவாங்க?"

"அது... நான்தான்."

"ஓகோ. அப்போ கம்பெனிக்கு இன்னொருத்தர் வருவாரா?"

"இல்லம்மா. அதுவும் நான்தான்."

அந்த அம்மா அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் குடிக்க மோர் கொடுத்தார். விஷயத்தை அவர் எடுத்துச் சொல்வதற்குள், "எங்களுக்குப் பரிபூரண சம்மதம்" என்று சொல்லிவிட்டார். எதிர்ப்புக்குத் தயாராகப் போன மேனேஜருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அடுத்தது தன் வீடு. சாத்தியிருந்த கதவைத் தட்டினார். சன்னல் வழியாக மனைவி எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க?"

"நான்தான். கதவைத் திற."

"நான்தான்னா? மேனேஜரா, வீட்டுக்காரரா?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துவிடுவார்களோ என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, "மேனேஜர்" என்றார் மெதுவாக.

கதவு உடனே திறந்தது. "வாங்க சார், வாங்க! உட்காருங்க. அவர் ஆபீஸ் விஷயமா வெளியில போயிருக்கார். வர்ற நேரம்தான். என்ன விஷயமா வந்தீங்க?"

சொந்த வீட்டில், விருந்தாளிகளுக்கு மட்டுமே போடப்படும் நாற்காலியில், முதல் தடவையாக உட்கார்ந்தார் மேனேஜர். அது இவ்வளவு வசதியான நாற்காலி என்பது இத்தனை வருஷமாக அவருக்குத் தெரியாது.

"ஏம்மா, இதெல்லாம் தேவையா?"

"சார், நான் இந்த வீட்டுப் பொண்ணுக்கு அண்ணி. விஷயத்தைச் சொல்லுங்க."

வேறு வழியில்லை. அவர் சொன்னார். அண்ணி கவனமாகக் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை எப்படி சார்? நீங்க கூட வேலை பாக்கறவர். உள்ளதை உள்ளபடி சொல்லுங்க" என்றாள்.

மேனேஜருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நல்ல மனுஷன். யார் போன்ல கத்தினாலும் திருப்பிக் கத்த மாட்டார். தூக்கம் வரலைன்னு ஒரு பெரியவர் தினமும் கூப்பிடுவார், மெத்தையில ஒரு குறையும் கிடையாது, தனியா இருக்கறவர், பேச ஆளில்ல. அதுக்காகவே பொறுமையா பேசுவார். மத்தவங்க கேலி பண்ணுவாங்க. நான்கூடப் பண்ணியிருக்கேன்."

"முன்னாடி ஒரு கல்யாணம் ஆகியிருக்காமே?"

"அதான், எனக்கும் அதுதான் பிடிக்கல."

"உங்களுக்குன்னா யாருக்கு? சொந்த விருப்பு வெறுப்பை வீட்ல வச்சுட்டு வரணும்னு உங்க பாலிசியில இருக்கே சார்?"

"நான் இப்ப வீட்டுக்குத்தானே வந்திருக்கேன்!" என்று அலறினார் மேனேஜர். "இங்கேயும் வச்சுக்கக் கூடாதுன்னா நான் அதை எங்கதான் கொண்டுபோய் வைக்கறது?"

மனைவி இதற்குச் சிரிக்கவில்லை. உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். தங்கை வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவளுடைய கை தன்னையறியாமல் சோபாவின் விளிம்பை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உனக்கு என்னம்மா அவர்கிட்ட பிடிச்சுது?" என்று கேட்டார் அவர். அந்தக் கேள்வியை மேனேஜர்தான் கேட்க ஆரம்பித்தார். முடிக்கும்போது அண்ணனின் குரலாக இருந்தது.

அவள் விளிம்பை அழுத்துவதை நிறுத்தினாள்.

"ரெண்டு வருஷமா என் வேலையில குத்தம் சொல்லத்தான் அவர் வந்தார். ஒரு நாள்கூட என்னைக் குத்தம் சொன்னதில்லண்ணா. இத்தனை நாள் என்னைப் பாக்க வந்தவங்க எல்லாம் என்னைத்தானே குத்திக் குத்திப் பாத்தாங்க?"

மேனேஜர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். கண்ணில் ஏதோ விழுந்துவிட்ட மாதிரி துடைத்துக்கொண்டார். நெஞ்சில் ஓரமாக இருந்த முள் அன்றைக்குக் கொஞ்சம் அசைந்தது.

"அண்ணன்காரர் ஒத்துக்குவாரா சார்?" என்று மனைவி மெல்லக் கேட்டாள்.

"ஒத்துக்குவார்மா. அந்த ஆளுக்குத் தங்கச்சின்னா உசுரு. யாருக்கும் கொடுக்க மனசில்லாமத்தான் இத்தனை நாள் ஒவ்வொருத்தர்கிட்டயும் குறை கண்டுபிடிச்சுக்கிட்டிருந்தார்."

தங்கை எழுந்து வந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாலிசிப்படி மேனேஜர் அப்போது மேனேஜராக மட்டுமே நடந்துகொண்டிருக்க வேண்டும். நடந்துகொள்ளவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. குத்தூசி பாஸ் செய்த மெத்தைமேல் புகார்ப்பெட்டி தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதால், அவளைப் புது மெத்தைகளை வடிவமைக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அவள் வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த இடம் அது. முதலாளியம்மா மேனேஜரை எல்லார் முன்னாலும் பாராட்டினார்கள். சொந்தத் தங்கை என்றும் பார்க்காமல் விதியை நிலைநாட்டியவர் என்று கைதட்டினார்கள். தையல் மெஷின் பையன் விசில்கூட அடித்தான்.

மேனேஜருக்கு உள்ளூர ஒரு கம்பீரம் வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் பாலிசியை எழுதியது அவர். இரண்டு வீட்டிலும் பேசியது அவர். சம்மதம் கொடுத்ததும் அவர். பெண்கள் என்னதான் கெட்டிக்காரிகளாக இருந்தாலும், கடைசியில் குடும்பத்தில் ஒரு பெரிய முடிவு என்று வந்தால் ஆண்பிள்ளைதானே எடுக்க வேண்டியிருக்கிறது? கல்யாணத்துக்கு மட்டமான சட்டை போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. வீட்டில் யாரிடமும் சொல்லாமல், தானாகவே ஒரு முடிவெடுத்து, கடைத்தெருவில் வழக்கமாகத் தைக்கும் தையற்காரரிடம் போனார்.

"தங்கச்சிக்குக் கல்யாணம். நல்லதா ஒரு சட்டை தைக்கணும். அளவு எடுத்துக்குங்க" என்று கையை விரித்துக்கொண்டு நின்றார்.

தையற்காரர் அளவு நாடாவை எடுக்கவில்லை. மேல் அலமாரியிலிருந்து, தைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்திருந்த ஒரு சட்டையை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"ஊரெல்லாம் பேசுதே உங்க காதல் பாலிசி, அது வர்றதுக்கு முன்னாடியே உங்க வீட்டம்மா துணி கொடுத்துட்டுப் போயிட்டாங்க சார். நீங்க முடிவெடுத்துட்டு வந்தப்புறம்தான் கொடுக்கணும்னு சொல்லியிருந்தாங்க. எடுத்துட்டீங்கள்ல?"